காத்து வேன்காரர் உதுமாலெவ்வை

கல்முனைக்குச் சூட்டை விலைகொடுத்து வாங்கி வந்த ஒரே மனிதன் தான்தான் என்று உதுமாலெவ்வை சொல்லிக்கொள்வார். தன்னைப் பற்றிய பகிடியை அடுத்தவன் சொல்வதற்கு முன் தானே சொல்லிவிட்டால் பாதி நோவு குறைந்துவிடும் என்பது அவருடைய அனுபவம். அந்த அனுபவம் அவருக்கு நிறையவே இருந்தது.

எழுபத்தொன்பதாம் ஆண்டு, வெளிநாட்டுச் சாமான்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காலத்தில், கொழும்பில் ஒரு பழைய ஜப்பான் வேனை வாங்கினார். விற்றவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். முன்பக்கத்தில் ரேடியோவுக்குக் கீழே ஒரு திருகு. பக்கத்தில் சிவப்பும் நீலமும் பூசிய ஒரு பிடி. "இது ஹீட்டர். குளிர் காலத்தில் போட்டால் வேன் முழுக்க இதமாகச் சூடாகும்" என்றார். உதுமாலெவ்வை பெரிய மனிதரைப் போலத் தலையாட்டினார். கேள்வி கேட்டால் பட்டிக்காட்டான் என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயம். அம்பாறையைத் தாண்டி, உப்புக்காற்று முகத்தில் பிசுபிசுத்த பிறகுதான், தன்னுடைய ஊரில் குளிர் காலம் என்ற ஒன்றே கிடையாது என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

ஆனால் பிடியை நீலப் பக்கம் தள்ளித் திருகைத் திருப்பினால், சூடு இல்லாமல் வெறும் காற்று வந்தது. கண்ணாடிக்கு வெளியே, அடியில் இருக்கும் கம்பி வலை வழியாக உள்ளே ஒரு விசிறி காற்றை இழுத்து, முன் சீட்டில் இருப்பவரின் முகத்தில் நேராக அடித்தது. ஓடும் வேனில் ஜன்னலைத் திறந்தால் யாருக்கும் காற்று வரும். நிற்கும் வேனில், ஊர்ந்து போகும் வேனில், கூட்டத்துக்கு நடுவே சிக்கிய வேனில் காற்று வருவது உதுமாலெவ்வையிடம் மட்டும்தான். இரண்டு மாதத்துக்குள் அதற்குக் 'காத்து வேன்' என்று பெயர் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் பட்டுச் சேலைக்காரிகளும் அந்த முன் சீட்டுக்குச் சண்டை பிடித்தார்கள்.

வேன் வருவதற்கு முந்திய உதுமாலெவ்வையைப் பற்றிச் சொல்ல அவ்வளவாக ஒன்றுமில்லை. ஊர் வழக்கப்படி கலியாணம் முடித்து மனைவி சரீபாவின் வீட்டுக்குக் குடிவந்தார். அவளுடைய குடும்பம் நெல்லிலேயே பிறந்து நெல்லிலேயே வளர்ந்தது. மூத்த அண்ணன், அவள் காக்கா என்றழைக்கும் காலிதீன் போடியாருக்கு நாவிதன்வெளி வட்டையில் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். அவர் தங்கையின் மாப்பிள்ளையை வயல் காவலுக்கு வாடியில், ஓலைக் குடிசையில், கொண்டுபோய் இருத்தினார். ஒரு நாள் யானை வந்தது. உதுமாலெவ்வை பரணிலிருந்து இறங்காமலே ஓடினார் என்று ஊர் சொல்லும். "பொய். இறங்கித்தான் ஓடினன்" என்று அவர் திருத்துவார். அடுத்த போகம் விதைக்கச் சொன்னார்கள். வரம்பு தெரியாமல் பாதி விதையைப் பக்கத்து வயலில் எறிந்தார். அது நன்றாக விளைந்தது என்று பக்கத்து வயல்காரர் நேரில் வந்து நன்றி சொன்னார். அதற்குப் பிறகு ஒரு தேநீர்க் கடை. தேநீரில் பாதியை அவரே குடித்தார்.

கடைசியில் சரீபாதான் தன் பங்கு வயலை விற்று வேன் வாங்கித் தரும்படி காக்காவிடம் அடம்பிடித்தாள். காலிதீன் சம்மதித்தார். ஆனால் வேனைத் தன் பெயரில்தான் பதிந்தார்; அதன் தலை எப்போதும் அவர் கையில்தான் இருந்தது.

எண்பத்தொன்றில் காலிதீனின் மகள் நபீலாவுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை மருதமுனையைச் சேர்ந்த றவூப். நல்ல வாத்தியார், நல்ல குடும்பம், ஒரே ஒரு குறை: வேர்வை. அவர் எழுதத் தொடங்கினால் வெண்கட்டி கையிலேயே கரைந்துவிடும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் சொல்வார்கள். கோட்டும் தலைப்பாகையும் மாலையும் போட்டு, கம்படித்து ஆடும் பொல்லடிக்காரர்களின் பின்னால் நடை வேகத்தில் அவரைப் பெண் வீட்டுக்குக் கொண்டு வரவேண்டும். பெண் வீட்டார்தான் வாகனம் அனுப்பவேண்டும்.

"என்ட மனிசன்ட வேன்ல கூட்டி வாங்க காக்கா" என்றாள் சரீபா.

காலிதீன் தாடியைத் தடவினார். "சரி. கேளு மச்சான். மாப்புள வேர்க்காம வந்து இறங்கினா வேன் ஒன்ட. ஊருக்கு முன்னால வேர்த்துக் கொட்டி வந்து இறங்கினாரோ, வேன வித்துப்போட்டு அடுத்த போகத்துக்கு நீ வாடிக்கு வா. ஆள் தேடிக்கிட்டுத்தான் இரிக்கன்."

"வேர்க்காது மச்சான். காஷ்மீர்ல இரிக்கிற மாதிரி வருவாரு" என்றார் உதுமாலெவ்வை. காஷ்மீர் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

கலியாணத்துக்குக் கொஞ்சம் முன்பு அறுவடை. காலிதீனின் நெற்களமான களவெட்டியில் கதிர்ச் சூடு அடித்து முடித்து நெல் குவிந்து கிடந்தது. பதர் பிரிக்க வைத்திருந்த உழவு மெசினின் காற்றாடி உடைந்துவிட்டது. காற்றும் விழுந்துவிட்டது. மேற்கே மழை கறுத்தது. சோறு கொண்டு போயிருந்த உதுமாலெவ்வைக்கு அந்த நேரத்தில்தான் புத்தி வேலை செய்தது.

"என்ட வேன்ல காத்து இரிக்கே!"

வேனின் முகத்தை நெற்குவியலுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். எஞ்சினை ஓடவிட்டு, திருகைக் கடைசி வரை திருப்பினார். வேலையாட்கள் கண்ணாடிக்கு முன்னால் உயரத்திலிருந்து நெல்லைச் சரித்தார்கள். வேனின் மூக்கு வழியாகக் காற்று வெளியே வரும் என்று அவர் நினைத்திருந்தார். மூக்கு உள்ளே இழுக்கிற உறுப்பு என்பதை அவர் யோசிக்கவில்லை. பதரும் அரை விளைச்சல் சப்பியும் நல்ல நெல்லும் கம்பி வலை வழியாக வரிசையாக உள்ளே போயின.

களவெட்டியில் 'இல்லை', 'முடிந்தது' போன்ற சொற்களை வாயில் எடுக்கக்கூடாது. எடுத்தால் பொலி குறைந்துவிடும் என்பது அங்கே எல்லாரும் காக்கிற முறை. ஆகவே 'காற்று இல்லை' என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. வேலையாட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சரித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் காலிதீன்தான் வார்த்தை தேடிப் பிடித்தார்.

"ஒன்ட வேனுக்குப் பசி போல மச்சான்."

அந்தப் பகிடி அவருக்கு முன்பே கல்முனைக்கு வந்து சேர்ந்தது. அடுத்த வாரம் முழுவதும் காலம் தப்பிய மழை. வேன் முற்றத்தில் நனைந்துகொண்டு நின்றது. மழை நாளில் காற்றுக் கேட்பவர் யார்? விசிறியைப் போடவேண்டிய தேவையே வரவில்லை.

மழை விட்டு வெயில் எறித்த நாள்தான் கலியாண நாள். காலையில் வேனைக் கழுவி, பூச்சரம் கட்டி, ஒத்திகை பார்ப்போம் என்று திருகைத் திருப்பினார். 'ம்' என்று ஒரு முனகல். 'டிக்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

பியூஸ் போயிருந்தது. அது சின்ன விசயம் என்று அவருக்குத் தெரியும். புதிய பியூஸ் போட்டார். 'ம்', 'டிக்'. இன்னொன்று போட்டார். 'ம்', 'டிக்'. பெட்டியிலிருந்த பியூஸ் எல்லாவற்றையும் அதே நம்பிக்கையோடு எரித்து முடித்த பிறகு நிமிர்ந்து பார்த்தார். வேனைச் சுற்றி அரை ஊர் நின்றது. கல்முனையில் ஒருவன் வாகனத்துக்கு அடியில் குனிந்தால் போதும், யோசனை சொல்ல ஆள் வந்துவிடும்.

"வேன்ட பெற்றி இறங்கிட்டு. கரண்ட் இல்ல."

"பெற்றி இறங்கினா ஹோன் எப்பிடி அடிக்கும்? அடிச்சிப் பாரு."

ஹோன் அடித்தது.

"அப்ப வேனுக்குக் கண்ணூறுதான். நாவூறும் சேர்ந்திரிக்கி."

"சிகரெட் பெட்டித் தாள பியூஸ்ல சுத்திப் போடுங்க காக்கா. ஆயுசுக்கும் எரியாது."

கடைசியாக வந்த யோசனை அவருக்குப் பிடித்தது. மோசமான யோசனைகள் எப்போதும் அவருக்குப் பிடிக்கும். வெள்ளித் தாளைச் சுற்றிப் போட்டுத் திருகைத் திருப்பினார். இந்த முறை 'டிக்' இல்லை. 'ம்ம்ம்ம்' என்ற முனகல் நீண்டது. காற்று வரவில்லை. பதிலாகப் புகை வந்தது. பியூஸ் இருந்த இடத்திலிருந்து ஒரு வயர் மணத்தது. விரல் சுட, தாளைப் பிடுங்கி எறிந்தார்.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா இது உண்மையான ஹீட்டராகியிரிக்கும்" என்றார் ஊதிக்கொண்டே. கூட்டம் சிரித்தது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வாடியின் ஓலைக் கூரை கண்ணுக்குள் வந்து நின்றது.

பாண்டிருப்பிலிருந்து வாகன வயர் வேலை பார்க்கும் தங்கராசா சைக்கிளில் வந்து இறங்கினார். இரண்டு வயர் தொங்கும் ஒரு பல்ப் சட்டைப் பையில் இருந்தது.

"என்ன காக்கா, வேனுக்கு இண்டைக்கும் பசியா?"

"நீயும் கேள்விப்பட்டுட்டியா?"

"பாண்டிருப்புக்கு அண்டைக்கே வந்திட்டு."

தங்கராசா சுவிச்சைச் சந்தேகித்தார். அதைக் கழற்றித் திறந்தபோது உள்ளே இருந்த ஸ்பிரிங் துள்ளி மணலில் விழுந்தது. மாப்பிள்ளை வேன்காரர் வெள்ளைச் சட்டையோடு குப்புறப் படுத்து மணலை அளைந்தார். கண்டெடுத்துப் பூட்டிப் பார்த்தால், சுவிச்சில் ஒரு குறையும் இல்லை. அதன் பிறகு தங்கராசா விசிறி மோட்டருக்குப் போகும் வயரைக் கழற்றி, மோட்டரின் இடத்தில் தன் பல்பைப் பிடித்தார். தான் கொண்டுவந்த புதிய பியூஸைப் போட்டுத் திருகைத் திருப்பச் சொன்னார். பல்ப் பிரகாசமாக எரிந்தது. பியூஸ் அப்படியே நின்றது.

"சுவிச்சும் சரி, வயரும் சரி. கரண்ட் ஒழுங்கா வருது. மோட்டர் கொழுவினாத்தான் பியூஸ் போகுது."

"அப்ப?"

"மோட்டர் எரிஞ்சிரிக்கும். கொழும்பிலதான் எடுக்கணும்."

கூட்டம் மெல்லக் கலைந்தது. கெட்ட செய்தி உறுதியானதும் யோசனைக்காரர்களுக்கு வேலை இல்லை. உதுமாலெவ்வை முன் சீட்டில், மாப்பிள்ளை இருக்கவேண்டிய இடத்தில், சாய்ந்து இருந்தார். பரணில் ஏறும் ஏணி ஆடுமா, இந்த வருடம் யானை எந்தப் பக்கத்தால் வரும், இறங்கி ஓட எவ்வளவு நேரம் பிடிக்கும் என்றெல்லாம் கணக்குப் போட்டார். காலிதீனிடம் போய் 'வேறு வேன் பிடியுங்கள்' என்று சொல்லவேண்டும். அதை எந்தச் சொல்லில் தொடங்குவது?

சாப்பிட வரச்சொல்ல சரீபா வந்தாள். கதவுக்குள் தலையை நீட்டியவள் அப்படியே நின்றாள். மூக்கைச் சுருக்கினாள்.

"இஞ்ச பாருங்க, ஆரு இதுக்குள்ள விதைநெல் ஊறப்போட்ட?"

"புள்ள, மனிசனுக்கு உசிரு போற நேரம் நீ விதைநெல்லக் கதைக்காய்."

"கதைக்கல்ல. மணக்குது."

தங்கராசா சிரித்தார். "ராத்தா, அது மோட்டர் எரிஞ்ச மணம்."

"எரிஞ்ச மணம் மேல வருது தம்பி, எனக்குத் தெரியும். அதுக்கு அடியில இன்னொண்டு வருது. சாக்குல கட்டி, வைக்கல் போட்டு மூடி, மறுநாள் அவிழ்த்தா ஒரு புளிச்ச மணம் வருமே, அது. எங்கட வாப்பாட ஊட்டுல போகத்துக்குப் போகம் மணந்த நான். எனக்குத் தெரியாதா?"

அவள் சேலையை இடுக்கிக்கொண்டு வேனுக்குள் முழங்காலில் இருந்து, காற்று வரும் துவாரத்தில் மூக்கை வைத்தாள். பிறகு இடது பக்கம், சீட்டுக்கு முன்னால், கீழே இருந்த கறுத்த பெட்டியில் தட்டினாள்.

"இதுக்குள்ள. கழட்டுங்க."

மூன்று ஆணிதான். தங்கராசா கழற்றிக் கீழே இழுத்தபோது விசிறி வரவில்லை. நடு விரலால் நெம்பினார். ஏதோ பிய்ந்த சத்தத்தோடு மோட்டரும் விசிறியுமாக மடியில் விழுந்தன. விசிறி என்று அதைச் சொல்ல முடியாது. வெயில் காணாத வெளிறிய மஞ்சள் முளைகள் விரலளவுக்கு நெருக்கமாக நின்றன. வெள்ளை வேர்கள் விசிறியின் ஒவ்வொரு இதழுக்குள்ளும் புகுந்து, பெட்டியின் சுவர் வரை பின்னி, தும்புத்தடித் துடைப்பம் போல இறுகிக் கிடந்தன. களவெட்டியில் வேன் தின்ற நெல், வலை வழியாக இறங்கிய மழையில் ஊறி, மூடிய பெட்டிக்குள் கதகதப்பாகக் கிடந்து, விசிறியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு முளைத்திருந்தது. சுற்ற முடியாத மோட்டர் முக்கி முக்கிப் பியூஸைத் தின்றிருந்தது.

கலைந்த கூட்டம் மறுபடி கூடிவிட்டது.

"அல்லாஹ்வே, நாத்து நட்டிரிக்காரு!"

"காக்கா, உரம் போட்டீங்களா?"

உதுமாலெவ்வை எல்லாரையும் முந்திக்கொண்டார். "என்ட ஆயுசுல நான் விதைச்சதில ஒழுங்கா முளைச்சது இது ஒண்டுதான்."

"இதயும் நீங்க விதைக்கல்ல. வேன் திண்டது" என்றாள் சரீபா.

தங்கராசா பேனாக்கத்தியால் வேரை அறுத்தார். சரீபா ஈர்க்கால் இதழ் இதழாகக் குத்தி எடுத்தாள். முளைகளைக் கோழிகள் பார்த்துக்கொண்டன. விரலால் தட்டினால் விசிறி தாராளமாகச் சுழன்றது. நேரே வயர் கொழுவிப் பார்த்தபோது 'விர்' என்று பாடியது. மோட்டர் எரியவில்லை. அது தப்பியது பியூஸால், வெள்ளித் தாளால் அல்ல என்று தங்கராசா சொன்னார். உதுமாலெவ்வை அது காதில் விழாததுபோல இருந்தார்.

பூட்டும்போதே பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். காற்று ஓடும் குழாய்களுக்குள்ளும் தூசு இருக்கும், கழற்றித் தட்டினால் நல்லது என்றார் தங்கராசா. "காத்து வருதுதானே, விடு" என்றார் உதுமாலெவ்வை, புதுச் சட்டையைத் தேடி ஓடியபடி.

மருதமுனையில் மாப்பிள்ளை றவூப் கோட்டு, தலைப்பாகை, மாலையோடு முன் சீட்டில் ஏறினார். ஏறும்போதே நெற்றியில் முத்துக் கட்டியிருந்தது. உதுமாலெவ்வை திருகைத் திருப்பினார். காற்று முகத்தில் அடித்தது. பொல்லடிக்காரர்கள் முன்னால் ஆடி நகர, வேன் அவர்களுக்குப் பின்னால் ஊர்ந்தது. முதல் சந்தி வரும்போது மாப்பிள்ளையின் நெற்றி காய்ந்துவிட்டது. கைக்குட்டையை அவர் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"நல்ல காத்து மாமா" என்றார் றவூப்.

"காஷ்மீர்" என்றார் உதுமாலெவ்வை.

அப்போது மாப்பிள்ளை தும்மினார். இறைவனைப் புகழ்ந்து "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பின் சீட்டில் இருந்த தோழர்கள் மார்க்க முறைப்படி "யர்ஹமுகல்லாஹ்", அல்லாஹ் உமக்கு அருள்புரியட்டும், என்றார்கள். மறுபடி தும்மினார். மறுபடி அல்ஹம்துலில்லாஹ், மறுபடி யர்ஹமுகல்லாஹ். குழாய்க்குள் கிடந்த நெற்சுணை, காற்றில் உலர்ந்து, பொடிப்பொடியாக மாப்பிள்ளையின் மூக்கைத் தேடி வந்துகொண்டிருந்தது.

விசிறியை நிறுத்தினார். தும்மல் நின்றது. நெற்றியில் முத்து எட்டிப் பார்த்தது. விசிறியைப் போட்டார். முத்து மறைந்தது. தும்மல் வந்தது. தும்மலா, வேர்வையா? காலிதீன் தும்மலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேர்வை என்றுதான் சொன்னார். இந்த ஒரு சட்ட நுணுக்கத்தைப் பிடித்துக்கொண்டு உதுமாலெவ்வை விசிறியைக் கடைசி வரை திருப்பினார்.

வேன் கல்முனைக்குடிக்குள் நுழைந்தபோது தெருவே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அல்ஹம்துலில்லாஹ் காதில் விழுந்தவர்கள் எல்லாரும் யர்ஹமுகல்லாஹ் சொன்னார்கள். பொல்லடிக்காரர்கள் ஆட்டத்துக்கு நடுவே பதில் சொல்லித் தாளம் தவறி, ஒருவருடைய கம்பு இன்னொருவருடைய விரலில் விழுந்தது. அவர் சொன்னது யர்ஹமுகல்லாஹ் அல்ல.

பந்தல் வாசலில் காலிதீன் நின்றார். கதவைத் திறந்து மாப்பிள்ளையின் நெற்றியைப் பார்த்தார். காய்ந்திருந்தது. மூக்கைப் பார்த்தார். சிவந்திருந்தது. உதுமாலெவ்வையைப் பார்த்தார். உதுமாலெவ்வை பூச்சரத்தைச் சரிசெய்தார்.

காவின் என்னும் நிக்காஹ் பதிவை எழுத உட்கார்ந்தார்கள். காலிதீன் மாப்பிள்ளையின் வலது கையைப் பிடித்து, "என் மகள் நபீலாவை உமக்கு நிக்காஹ் செய்து தந்தேன்" என்று முறையாகச் சொன்னார். றவூப் வாயைத் திறந்தார். தும்மினார். சபை முழுவதும் யர்ஹமுகல்லாஹ் சொன்னது. நிக்காஹ் நடத்திய பள்ளிவாசல் லெவ்வை, மறுபடி சொல்லுங்கள் என்று சைகை காட்டினார். காலிதீன் மறுபடி சொன்னார். றவூப் மறுபடி தும்மினார். வாசல் தூணுக்குப் பின்னால் நின்ற உதுமாலெவ்வை கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பெண்ணின் கலியாணத்தைச் சப்பி நெல்லால் நிறுத்தியவன் என்று தன் பெயர் இனி நிற்கப்போகிறது. இந்தப் பகிடியை முந்திச் சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் முறை காலிதீன் கையை விடாமல், அவசரமே இல்லாமல் சொன்னார். றவூப் மூக்கை இறுக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு, "ஏற்றுக்கொண்டேன்" என்று பள்ளிக்கூடமே கேட்கும் குரலில் கத்தினார். உள்ளே பெண்கள் குரவையிட்டார்கள்.

சாப்பாடு முடிந்து சனம் குறைந்தபோது உதுமாலெவ்வை வேனுக்குள் போய் இருந்தார். கூப்பிட்டு அனுப்புவார்கள் என்று காத்திருந்தார். அழைப்பு வரவில்லை. முன் கதவு திறந்தது. காலிதீன் போடியார், பகலெல்லாம் அடுப்படிக்கும் பந்தலுக்கும் ஓடிய வேர்வை சட்டையில் ஒட்டியிருக்க, பெருமூச்சோடு ஏறி இருந்தார். அந்த வேனின் முன் சீட்டில் அவர் இருப்பது அதுதான் முதல் தடவை.

"மாப்புள்ளட கையப் பிடிச்சன்" என்றார் எங்கேயோ பார்த்துக்கொண்டு. "சுண்ணாம்பு மாதிரிக் காஞ்சி கிடந்திச்சி. என்ட காவினுக்கு என்ட கை எப்பிடி இரிந்திச்சி தெரியுமா? எங்கட மாமனார் பிறகு தன்ட கையத் துடைச்சவரு."

உதுமாலெவ்வை காலிதீனின் நனைந்த சட்டையைப் பார்த்தார்.

"என்னத்தப் பாத்துக்கிட்டிரிக்காய்? அந்தக் காத்தப் போடன்."

போட்டார். காலிதீன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, கண்ணை மூடி, முகத்தைத் துவாரத்துக்குக் காட்டினார். வேர்வை உலர்ந்தது. மூக்கு துடித்தது. பந்தல் அதிரத் தும்மினார்.

"அல்ஹம்துலில்லாஹ்."

"யர்ஹமுகல்லாஹ்!" என்றார் உதுமாலெவ்வை, அன்று முழுவதும் யாரும் சொல்லாத சத்தத்தில்.

காலிதீன் சால்வையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். கதவைச் சாத்தும்போது சொன்னார்:

"ஒன்ட வேன்ட அந்தக் குழாயக் கழட்டித் தட்டு. நாளைக்கிக் காலத்தால மாப்புள்ளட உம்மா வாறா. அவ முன் சீட்டுலதான் இரிப்பாவாம்."